தர்க்கம் (இசை நாடகம்)

தர்க்கம் என்பது தமிழ் இசை நாடகங்களில் இரு கதைமாந்தர்கள் பாட்டினாலும் வசனத்தினாலும் ஒருவரையொருவர் வினவி, மறுத்து, மடக்கும் சொற்போர் ஆகும். வள்ளி திருமணம் நாடகத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் இடையிலும், வேடனாக வரும் முருகனுக்கும் வள்ளிக்கும் இடையிலும் நிகழும் தர்க்கங்கள் இவற்றுள் மிகவும் புகழ்பெற்றவை. மதுரை, திண்டுக்கல், தேனி, சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டங்களின் ஊர்த் திருவிழாக்களில் இந்நாடகம் நடத்தப்படுகிறது. கதையின் முடிவு கூடியிருப்போர் அனைவரும் அறிந்ததே. வள்ளி முருகனை மணந்தே ஆக வேண்டும். ஆனால் தர்க்கத்தின் முடிவு முன்கூட்டித் தீர்மானிக்கப்படுவதில்லை. எவர் எவரை மடக்கினார் என்பது அன்றிரவு மேடையிலேயே தெரியவரும்.

பெயர்

தர்க்கம் என்னும் வடசொல் அளவை நூலையும், காரணங் காட்டி வாதிடுதலையும் குறிக்கும். இதற்கு இணையாக வாது, சொற்போர் ஆகிய சொற்களும் தமிழில் வழங்குகின்றன. நாடக வழக்கில் இச்சொல் ஒரு காட்சியின் பெயராகவும், அக்காட்சியை நடத்தும் திறமையின் பெயராகவும் ஆளப்படுகிறது.

சொற்போர் மரபு

பாட்டினால் மோதிக்கொள்ளும் வழக்கம் தமிழில் நாடகத்திற்கு முந்தியது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காளமேகப் புலவர், திருமலைராயன் அவையில் அதிமதுரகவியுடன் போட்டியிட்டு, யமகண்டம் என்னும் ஆபத்தான முறையில் கேட்டவுடன் பாடியதாகச் செவிவழிக் கதை கூறுகிறது. வாதில் தோற்ற புலவர்களின் காதை அறுத்துவந்த வில்லிபுத்தூராரை, அருணகிரிநாதர் கந்தரந்தாதி பாடி வென்றதாக மற்றொரு கதை உண்டு. அதன்படி, அருணகிரியார் பாடப் பாட உரை சொல்லிவந்த வில்லிபுத்தூரார் 54ஆம் பாடலுக்குப் பொருள் சொல்ல இயலாமல் நின்றார். வென்ற அருணகிரியார் அவருடைய காதை அறுக்கவில்லை. அவ்வழக்கத்தையே கைவிடச் செய்தார் என்று கதை முடிகிறது. இவை வரலாற்றுச் சான்றுடையன அல்ல. எனினும், வெல்பவரின் பெருமை தோற்றவரை அவர் நடத்தும் முறையிலும் அடங்கியுள்ளது என்ற எண்ணம் இம்மரபில் வேரூன்றியிருப்பதை இவை காட்டுகின்றன.

நாடக மேடையில் தர்க்கம்

இன்று நடிக்கப்படும் இசை நாடகங்களுள் பலவற்றின் பாடல்களையும் உரையாடல்களையும் அமைத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) ஆவார். தூத்துக்குடி அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த இவர், வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம் உள்ளிட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றினார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையையும் தோற்றுவித்தார். பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள் பாலசபையில் பயின்றவர்களே.

சிறுவர்களைக் கொண்ட சபைகள் தோன்றியதற்கும் தர்க்கத்திற்கும் தொடர்பு உண்டு. வயதுவந்த நடிகர்கள் எழுதிய பாடத்தை விட்டு விலகித் தம் திறமையைக் காட்டுவதிலேயே முனைந்தனர் என்பது அக்காலத்தில் எழுந்த குறை. ஒழுங்காகப் பாடம் ஒப்பிக்கும் சிறுவர்களிடம் அக்குறை நேராது. இவ்வாறு ஒரே ஆசிரியரின் நாடகங்கள் இரு வழிகளில் வளர்ந்தன. சபைகளில் பாடம் முதன்மை பெற்றது. ஸ்பெஷல் நாடகம் எனப்படும் மற்றொரு வழியில், பாடத்தை மீறிய தர்க்கம் நிலைத்தது. சபைகள் மறைந்துவிட்டன, ஸ்பெஷல் நாடகம் இன்றும் நடைபெறுகிறது.

1920களில் எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933), கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) இணை வள்ளி திருமணத்தில் பெரும் புகழ் பெற்றது. 1926இல் கொழும்பில் தொடங்கிய அவ்விணையின் மேடை வாழ்வு, ஆணும் பெண்ணும் நிகராக நின்று பாடும் வழக்கத்திற்கு வலுச் சேர்த்தது.

ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பு

ஸ்பெஷல் நாடகத்திற்கு நிலையான குழு கிடையாது. திருவிழா நடத்தும் ஊரார் ஒவ்வொரு வேடத்திற்கும் தனித்தனியே கலைஞர்களை ஒப்பந்தம் செய்வர். அவர்களின் பெயர்களும் படங்களும் நாடக நோட்டீசில் அச்சிடப்படும். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் கலைஞர்கள் அன்று மாலை அல்லது இரவில்தான் சந்திப்பர். ஒத்திகை கிடையாது. கதைப்போக்கும் பாடல்களும் அனைவருக்கும் பொது என்பதனால் இது இயலுகிறது. நாடகம் இரவு ஏறத்தாழ 10 மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடைபெறும்.

முதன்மையான பங்குகள் பின்வருமாறு:

ராஜபார்ட்: கதைத் தலைவன். வள்ளி திருமணத்தில் முருகன். வேடனாகவும் கிழவனாகவும் வருபவர் இவரே.

ஸ்திரீபார்ட்: கதைத் தலைவி, அதாவது வள்ளி.

நாரதர்: கலகத்தைத் தொடங்கி நன்மையில் முடிப்பவர்.

பபூன், நடனப் பெண்: தொடக்கத்தில் நகைச்சுவைக் காட்சிகளை நடத்துபவர்கள்.

பின்னணி இசைக்குழு: ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் ஆகியவற்றுடன், பல தாளக் கருவிகளை இசைத்து ஒலிக்குறிப்புகளும் தரும் ஆல்ரவுண்டு கலைஞர்.

ஆர்மோனியக் கலைஞர் பின்பாட்டும் பாடுவார். மேடையில் இருப்போருடன் இடையிடையே பேசுவதும் உண்டு. ஆதலால் தர்க்கத்தில் அவர் வெறும் துணைக்கருவியாளர் அல்லர்.

தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும்

தேனி மாவட்டம் 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் இடையே அமைந்த கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்கள் உள்ளன. 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரால் இங்கு 14,707 ஏக்கர் நிலம் இருபோகச் சாகுபடிக்கு உரியதாக உள்ளது. முதல் போகத்திற்குச் சூன் மாதத்தில் நீர் திறப்பது வழக்கம். அதற்கு முந்திய பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள் அம்மன் கோயில் திருவிழாக்களின் காலம். நாடகங்களின் காலமும் அதுவே. செலவை ஊரார் தலைக்கட்டு வரியாகவும் நன்கொடையாகவும் திரட்டுவர்.

இப்பகுதியினருக்கு மேடைப் பாட்டு என்பது வாதத்தின் கருவியாகவும் அறிமுகமானது. பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். மக்கள் அறிந்த மெட்டுகளில் அரசியல் செய்திகளை அமைத்துப் பாடுவது அவர் முறை. 1958இல் மலைக்கு அப்பாலுள்ள தேவிகுளம் தொகுதியில் நடந்த கேரளச் சட்டமன்ற இடைத்தேர்தலில், தமிழ்த் தோட்டத் தொழிலாளரிடையே அவர் பாடினார். பொதுவுடைமைக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் அத்தேர்தலில் வெற்றி பெற்றார். அவருடைய தம்பியான இளையராஜாவின் இசை வாழ்வு தொடங்கியதும் இத்தகைய மேடைகளிலேயே ஆகும்.

தர்க்கம் நிகழும் இடங்கள்

கந்தபுராணத்தின் இறுதிப் பகுதியாகிய வள்ளியம்மை திருமணப் படலமே நாடகத்தின் கதைக்கு அடிப்படை. மான் வயிற்றில் பிறந்து, வள்ளிக் கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தையை வேடர் தலைவன் நம்பிராசன் வளர்க்கிறான். பருவமடைந்த வள்ளி தினைப்புனம் காக்கச் செல்கிறாள்.

முதல் தர்க்கம் இங்கு தொடங்குகிறது. தினைப்புனத்திற்கு வரும் நாரதர், முருகனை மணக்குமாறு வள்ளியிடம் வற்புறுத்துகிறார். துறவியாகிய ஒருவருக்குக் கன்னிப் பெண்ணின் திருமணத்தில் என்ன அக்கறை என்பதும், தெய்வானையை ஏற்கெனவே மணந்தவருக்கு மற்றொரு மனைவி எதற்கு என்பதும் வள்ளியின் பக்கம் இயல்பாக எழும் வினாக்கள். கன்னிப் பெண் காட்டில் தனித்திருத்தல் முறையோ என்பதும், பெண்ணுக்கு இல்லறமின்றி நிறைவு உண்டோ என்பதும் நாரதரின் பக்கத்து வினாக்கள். இவற்றிலிருந்து பேச்சு புராணம், திருக்குறள், ஆண் பெண் சமன்மை, நாட்டு நடப்பு எனப் பல திசைகளில் விரியும்.

இரண்டாம் தர்க்கம் வேடனுக்கும் வள்ளிக்கும் இடையே நிகழ்வது. அம்பு பட்ட மான் இவ்வழியே வந்ததா என்று வேடன் கேட்கிறான். அவன் தேடும் மான் எது என்பது அவையோருக்குத் தெரியும். வள்ளியே மானின் மகள் என்பதால், மானைப் பற்றிய ஒவ்வொரு சொல்லும் அவளைப் பற்றியதாகவும் அமைகிறது. இரட்டுற மொழிதலுக்கு மிகுந்த இடமளிக்கும் காட்சி இது.

வெற்றியும் தோல்வியும்

தர்க்கத்திற்கு நடுவர் இல்லை, மதிப்பெண் இல்லை, எழுதப்பட்ட விதிகளும் இல்லை. கைதட்டல், சிரிப்பு, ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும் அன்பளிப்பு ஆகியவை உடனடியான தீர்ப்புகள். அடுத்த ஆண்டு அதே ஊர் யாரை மீண்டும் அழைக்கிறது என்பது இறுதித் தீர்ப்பு. முன்வரிசையில் இருக்கும் முதியோர் பலமுறை இந்நாடகத்தைப் பார்த்தவர்கள். ஆதலால் வெற்றி தோல்வி பற்றிய பொதுவான புரிதல் ஒன்று நிலவுகிறது.

வெற்றி தருவன:

வினாவை வாங்கித் திருப்புதல். எதிராளி சொன்ன சொல்லையே எடுத்து, வேறு பொருளில் அவரிடமே திருப்புவது உயர்ந்த விடையாகக் கருதப்படுகிறது. முன்கூட்டி மனனம் செய்த விடையை இவ்வாறு பொருத்த இயலாது என்பதால், அது அங்கேயே பிறந்தது என்பதை அவையோர் உணர்வர்.

பாத்திரத்திற்குள் நிற்றல். வள்ளி மலைமகளாக நின்றே புலமை காட்ட வேண்டும். குறிஞ்சித் திணைக்கு உரிய தினைப்புனக் காவலைக் கொண்டே, தனித்திருத்தல் எங்கள் குல வழக்கம் என்று அவள் நாரதருக்கு விடை கூறலாம். பொருத்தமான அந்த ஒரு விடை பத்து மேற்கோள்களைவிட வலிமையுடையது.

பாட்டில் முடித்தல். வசனத்தில் நடந்த வாதத்தின் உச்சத்தில் பொருத்தமான பாடலை எடுப்பவர் காட்சியைத் தம் வசமாக்குகிறார். பாடத் தொடங்கியவரை இடைமறிக்க இயலாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சுருதி வேறுபடுவதால், ஆர்மோனியக் கலைஞர் குறிப்பறிந்து மாற்றித் தருவது இங்கு இன்றியமையாதது.

இடைவெளி அறிதல். அவையோர் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த சொல்லைச் சொல்பவர் தம் வெற்றியைத் தாமே விழுங்கிவிடுகிறார். சற்று நிறுத்துவதும் ஒரு விடையே.

தோல்வி தருவன:

வாயடைத்து நிற்றல் வெளிப்படையான தோல்வியாகும். ஆயினும் தெரியாததைத் தெரியாது என்று நயமாக ஒப்புக்கொண்டு, அதையே நகைச்சுவையாக்கி மீள்வது தோல்வியாகக் கொள்ளப்படுவதில்லை.

உண்மையாகவே சினம் கொள்ளுதல். சினம் கதைமாந்தருடையதா கலைஞருடையதா என்பதை அவையோர் எளிதில் பிரித்தறிவர். கலைஞர் சினந்த அக்கணமே எதிராளிக்கு வெற்றி கிடைக்கிறது.

தனிப்பட்ட வசை. எதிராளியின் உடல், குடும்பம், சாதி ஆகியவற்றைத் தொட்டால் நாடகம் நின்று சண்டை தொடங்கும். கூட்டத்திலுள்ள ஒரு பகுதியினர் அதனை ஆரவாரித்து வரவேற்றாலும், ஊராருக்கு அது தலைவலியாகவே முடியும்.

மடக்கியே தீருதல். எதிராளி இனிப் பேசவே இயலாதவாறு நசுக்குபவரும் தோற்றவரே. விடியும்வரை கதை நகர வேண்டும். அதற்கு எதிராளி தேவை. துவண்டுபோன வள்ளியுடன் வேடன் காட்சியை நடத்த இயலாது. நாரதர் தர்க்கம் அளவுக்கு மீறி நீண்டாலும், ராஜபார்ட்டின் காட்சிகள் குறுகி, திருமணம் அவசரமாக முடியும். எனவே எதிராளி தடுமாறும்போது எளிய வினா ஒன்றைக் கொடுத்து எழுப்பிவிடுவது அனுபவமுள்ள கலைஞரின் இயல்பு. ஆர்மோனியக் கலைஞர் ஒரு சொல்லாலோ பாட்டின் தொடக்கத்தாலோ இவ்வாறு கைகொடுப்பதும் உண்டு.

சுருங்கக் கூறின், தர்க்கத்தில் இருவரும் எதிரிகள். நாடகத்தில் இருவரும் கூட்டாளிகள். இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் வைத்திருப்பவரே வெல்கிறார்.

ஸ்திரீபார்ட் கலைஞரின் நிலை

இப்போட்டி சமநிலையில் தொடங்குவதில்லை. வள்ளி இரு தர்க்கங்களிலும் நிற்க வேண்டியவர். முதலில் நாரதர், பின்னர் வேடன் எனப் புதிதாக வரும் எதிராளிகளை அவர் சோர்வுடன் எதிர்கொள்கிறார். கதையின்படி இறுதியில் இணங்க வேண்டியவரும் அவரே. இரட்டைப் பொருள் பேச்சு எல்லை மீறும்போது அதன் சுமையும் பெரும்பாலும் அவர்மேல் விழுகிறது. பதில் சொன்னால் அடக்கமற்றவர் என்றும், சொல்லாவிட்டால் திறமையற்றவர் என்றும் பெயர் வரும். மேடையேறும் பெண்களைக் குறைவாக மதிக்கும் வழக்கமும் சமூகத்தில் இருந்துவந்துள்ளது. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், மதுரைப் பகுதி ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் பற்றி 2005இல் வெளியிட்ட நூலின் மையப் பொருள் இவ்விழிவுணர்வே ஆகும்.

இந்நிலையில், வள்ளியின் இணக்கத்தை எவ்வாறு காட்டுவது என்பதே ஸ்திரீபார்ட் கலைஞரின் திறமைக்கு உரைகல். வாதத்தில் தோற்று மணப்பது ஒரு முடிவு. வாதத்தில் வென்று, தன் விருப்பத்தினால் மணப்பது மற்றொரு முடிவு. கதை ஒன்றே; ஆனால் அவையோர் வீடு திரும்பும்போது நினைவில் கொள்ளும் வள்ளி வேறு.

பிற வடிவங்களுடன் ஒப்பீடு

தமிழகத்தில் தர்க்கத்திற்கு மிக நெருங்கிய வடிவம் லாவணி ஆகும். தஞ்சை மராத்தியர் ஆட்சிக் காலத்தில் (1676–1855) வந்த இக்கலையில், சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் பாட்டால் வாதிடும். மராட்டியத்தில் சக்தியை உயர்த்தும் கல்கி, சிவனை உயர்த்தும் துரா ஆகிய இரு கட்சிகள் இவ்வாறு மோதுகின்றன. லாவணியில் இரு கட்சிகளும் இறுதிவரை கட்சிகளே. தர்க்கத்திலோ கதை இருவரையும் இணைத்துவிடுகிறது.

ஸ்பெயின், பிரான்சு நாடுகளில் வாழும் பாஸ்க் மக்களிடையே, தலைப்பைக் கேட்டவுடன் பாட்டுக் கட்டும் பெர்ட்சோலாரி என்னும் கலைஞர்கள் உள்ளனர். அவர்களின் பெரும் போட்டியில் நடுவர்கள் மதிப்பெண் இடுகின்றனர். 2009இல் மையாலன் லுகான்பியோ அதனை வென்ற முதல் பெண் ஆனார்.

அமெரிக்காவின் ராப் இசையில் நிகழும் சொற்போரும் இவ்வகையினதே. 1981இல் நியூயார்க்கின் ஆர்லெம் வேர்ல்டு அரங்கில், கூட்டத்தைக் குதூகலப்படுத்துவதில் வல்லவரான பிசி பீயை கூல் மோ டீ எதிர்கொண்டார். எதிராளியின் பாணியையே நேரடியாகத் தாக்கிப் பாடிய அவரது முறை, இப்போட்டிகளின் போக்கை மாற்றியதாகக் கூறப்படுகிறது. 2002இல் வெளிவந்த எய்ட் மைல் திரைப்படத்தில், நாயகன் தன் குறைகளைத் தானே முந்திக்கொண்டு பாடிவிட, எதிராளிக்குச் சொல்ல ஏதுமின்றிப் போகிறது. தன் குறையைத் தானே நகைச்சுவையாக்கும் தர்க்கக் கலைஞரின் உத்தியும் இதுவே. ஆயினும் ராப் போட்டியில் எதிராளியை நேராக இழிவுபடுத்துவது ஆட்டத்தின் பகுதி. தர்க்கத்தில் அது ஆட்டத்தின் முறிவு.

இன்றைய நிலை

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். ஸ்பெஷல் நாடகத்தின் நேரம் பெரும்பாலும் இத்தடைக்குள் அடங்குவதால், நாடகத்தைச் சுருக்க நேரும்போது நீண்ட தர்க்கங்களே முதலில் வெட்டுப்படும் தன்மையன. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனா ஊரடங்கினால் திருவிழாக்கள் தடைப்பட்டு, இக்கலைஞர்கள் தம் முதன்மை வருவாய்க் காலத்தை இழந்தனர்.

மறுபுறம், தர்க்கக் காட்சிகளின் ஒளிப்பதிவுகள் யூடியூபில் பரவலாகக் கிடைக்கின்றன. முன்பு ஓர் ஊரில் சொன்ன விடையை மற்றோர் ஊரில் புதியதுபோல் சொல்ல முடிந்தது. இன்று அதே விடையைக் கைப்பேசியில் பார்த்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கக் கூடும். பழைய விடைகளைச் சார்ந்திருந்தவர்களுக்கு இது இடர். கேட்ட கணத்தில் விடை கட்டுபவர்களுக்கு இது வாய்ப்பாகும்.